மொழிபெயர்க்காமல் விட்ட வரி

அத்தியாயம் 17

வியாழக்கிழமையிலிருந்து யதுசா கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் எத்தனை பேர், மெற்றோப் பெட்டியில் எத்தனை குழந்தை வண்டி, ஆஸ்பத்திரிக் காத்திருப்பறையில் எத்தனை நாற்காலி. எண்ணி முடித்த கையோடு சந்தேகம் வரும். திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவாள்.

இப்போது அந்த அறையில் பக்கத்தில் இருந்த அம்மா ஜெகதீஸ்வரி அவள் முழங்காலில் தட்டினாள்.

"என்ன பிள்ளை வாய்க்குள்ளை முணுமுணுக்கிறாய்? காலை ஆட்டாதை."

"ஒண்டுமில்லை அம்மா."

ஒன்றுமில்லாமலா? போன வியாழக்கிழமை நடந்தது அவர்கள் வீட்டில் இன்னும் ஆறவில்லை.

யதுசாவுக்கு இருபது வயது. மொன்ட்ரியால்-நோரில் ஒரு கார்டெரியில், வேலைக்குப் போகும் பெற்றோர் தங்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தில், ஏழு மாதமாக உதவியாளராக இருக்கிறாள். வியாழன் அன்று அவளும் உடன் வேலை செய்யும் ஷபானாவும் எட்டுக் குழந்தைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனார்கள். திரும்பும்போது ஒரு நீளக் கயிற்றில் உள்ள வளையங்களை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு குழந்தைகள் வரிசையாக நின்றார்கள். யதுசா எண்ணினாள். எட்டு என்றாள். நடந்தார்கள். கார்டெரி வாசலில் ஷபானா எண்ணியபோது ஏழுதான் இருந்தது.

மூன்றரை வயது லியோ பூங்காவில், சறுக்கு மரத்தின் பிளாஸ்ரிக் குழாய்க்குள் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தான். யதுசா ஓடிப்போய்த் தூக்கும்வரை ஆறு நிமிடம். அவனுக்குத் தன்னை விட்டுப் போனதே தெரியாது.

கார்டெரி நிர்வாகி, பற்றிக் என்பவர், இருவரையும் செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரிச் சந்திப்பும் இதே நாளில்தான் வந்து விழுந்திருந்தது.

யதுசாவுக்கு நாலு வயதில் இரத்தப் புற்றுநோய். இரண்டரை வருடம் மருந்து. முதுகுத் தண்டில் எத்தனையோ ஊசி. பிறகு சுகம் வந்தது. வருடத்துக்கு ஒருமுறை அப்பா இரவிச்சந்திரன் கூட்டிப் போவார், இரத்தம் எடுப்பார்கள், "எல்லாம் நல்லமாம்" என்று சொல்லிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வருவார். அம்மா சாமிப் படத்துக்கு விளக்கு வைப்பாள். நோய்க்கதை அத்தோடு முடிந்ததென்று எல்லோரும் நினைத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு ஏறவில்லை. ஒரு வகுப்பு இரண்டு தரம் படித்தாள். சீஜெப் கல்லூரியில் எடுத்த பாடங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கடைக்கு நாலு சாமான் வாங்கப் போனால் இரண்டோடு வருவாள். இதற்கெல்லாம் ஜெகதீஸ்வரி வைத்திருந்த சொல் ஒன்றே ஒன்று: பஞ்சி, அதாவது சோம்பல்.

போன இலையுதிர் காலத்தில் யதுசாதான் ஆஸ்பத்திரித் தாதியிடம் தானாகக் கேட்டாள், எனக்கு ஏன் இப்படி என்று. மாசி மாதம் ஒரு நாள் முழுக்கச் சோதித்தார்கள். இன்று அதன் முடிவு.

பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அப்பா வரவில்லை. லீவு தரமாட்டார்களாம். ஹோட்டல் துணிகள் வெளுக்கும் இடத்தில் வேலை செய்யும் ஜெகதீஸ்வரி ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"யதுசா?" கதவைத் திறந்து ஒரு பெண்மணி அழைத்தார்.

அவர் செலீன், மூளையின் வேலைத்திறனைச் சோதிக்கும் உளவியலாளர். ஐம்பது வயதிருக்கும். அம்மாவுக்குப் பிரெஞ்சு அதிகம் ஓடாது என்று தெரிந்ததும் மெதுவாகப் பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, மகள் தமிழில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

மேசையில் ஒரு தாள். அதில் கோடுகள்.

"இது சொற்களைப் புரிந்துகொள்ளும் திறன். உன் வயதுக்காரர் பலரைவிட மேலே இருக்கிறாய். இது ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டே இன்னொன்றைச் செய்வது. கீழே இருக்கிறது. இது வேகம். அது இன்னும் கீழே."

"என்னவாம்?" ஜெகதீஸ்வரி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"எனக்கு விளங்கிற சக்தி நல்லா இருக்காம் அம்மா. ஆனா ஒண்டை மனசிலை வைச்சுக்கொண்டு மற்றதைச் செய்யேக்கை, முதல் வைச்சது விழுந்துபோகுதாம்."

"ஏனாம்?"

யதுசா கேட்டாள். பதில் வந்ததும் தாளைப் பார்த்தபடி சொன்னாள்.

"மருந்தாலையாம். சின்னனிலை தந்த மருந்து. முதுகிலை போட்ட ஊசி. மூளை வளர்ற வயசிலை அது கான்சரை மட்டுமில்லை, மூளையையும் தொட்டிட்டுதாம்."

"பதினாறு வருசத்துக்கு முந்தின மருந்தோ? இப்பவோ?"

இப்போது இல்லை, மெல்ல மெல்ல வெளியே வந்திருக்கும் என்றார் செலீன். எல்லாக் குழந்தைகளுக்கும் வருவதில்லை. மிகச் சிறு வயதில் மருந்து எடுத்தவர்களுக்கு வரும் வாய்ப்பு அதிகம். படிப்புக் கூடக்கூட, ஒரே நேரத்தில் பல வேலை பார்க்க வேண்டி வரும்போதுதான் தெரியத் தொடங்கும்.

பிறகு அவர் தாளை ஒதுக்கிவிட்டு யதுசாவைப் பார்த்துச் சொன்னார். "அந்த மருந்து இல்லையென்றால் நீ பிழைத்திருக்க மாட்டாய். அதையும் உன் அம்மாவுக்குச் சொல். இன்னொன்று. நீ சோம்பேறி இல்லை. சோதனை நாளில் நீ ஒரு தடவைகூட பாதியில் விடவில்லை. குறித்து வைத்திருக்கிறேன்."

யதுசா முதல் பாதியை மட்டும் தமிழில் சொன்னாள். மற்றதை அம்மாவிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"இதை ஏன் ஒருத்தரும் முதலே எங்களுக்குச் சொல்லேல்லை எண்டு கேள்," என்றாள் ஜெகதீஸ்வரி.

செலீன் பழைய கோப்பைத் திறந்தார். பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"சொல்லியிருக்கிறார்கள்."

அவர் வாசித்தார். சிகிச்சை தொடங்குவதற்கு முதல் நாள். நினைவு, கவனம், கற்றல் ஆகியவற்றில் பின்னாளில் ஏற்படக்கூடிய பாதிப்புகள் பெற்றோர் இருவருக்கும் விளக்கப்பட்டன. தந்தை தாய்க்குத் தமிழில் மொழிபெயர்த்தார். இருவரும் கையெழுத்திட்டனர்.

செலீனின் விரல் அந்த வரியிலேயே நின்றது.

"என்ன பிள்ளை? என்ன வாசிக்கிறா?"

யதுசா அம்மாவைப் பார்த்தாள். மறந்துபோனார்களாம் என்று சொல்லலாம். ஒரு சின்னப் பொய். இரவு வழக்கம்போல மூன்று பேரும் சாப்பிடலாம். அப்பாவும் இப்படி ஒரு அறையில், இதே அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது.

அவளால் முடியவில்லை. முழுவதையும் சொன்னாள். தந்தை மொழிபெயர்த்தார் என்ற வரி உட்பட.

ஜெகதீஸ்வரி விரல் மடக்கினாள். "தலைமயிர் கொட்டும் எண்டவர். சாப்பிட்டது நிக்காது, சத்தி வரும் எண்டவர். காய்ச்சல் வந்தால் உடனை கொண்டுவரட்டாம் எண்டவர்." மூன்று விரல் மடங்கியிருந்தது. நாலாவது விரல் அப்படியே நின்றது. "வேறை ஒண்டும் சொல்லேல்லை."

செலீனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தண்ணீர்க் குவளையை எடுத்து ஜெகதீஸ்வரியின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

போகும்போது யதுசாவிடம் ஒரு கடிதம் கொடுத்தார். சோதனையின் சுருக்கம், வேலையில் என்னென்ன உதவி தேவை என்பது. ஒரு நேரத்தில் ஒரு வேலை. எதையும் எழுதி வைத்துச் செய்வது. நடுவில் யாரும் குறுக்கிட்டால் முதலிலிருந்து தொடங்குவது. "காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம்," என்றார்.

இருவரும் மெற்றோ மேடைக்கு வந்தார்கள். யதுசா கிழக்கே போகும் ரயிலுக்கு நின்றாள். ஜெகதீஸ்வரி எதிர்ப்பக்கம் கைகாட்டினாள்.

"அப்பான்ரை வேலையிடத்துக்கு உதிலையே போறது?"

"அம்மா, இப்பவோ? பின்னேரம் வீட்டை வருவார்தானே."

"எப்பிடிப் போறது எண்டு மட்டும் சொல்லு."

யதுசா சொன்னாள். ஸ்னோடனில் மாறி, கோட்-வெர்த்து கடைசி நிலையம், அங்கிருந்து பஸ். அம்மாவின் கைபோனிலும் எழுதிக் கொடுத்தாள்.

"நீ வேலையிலை உந்தக் கடிதத்தைக் காட்டாதை," என்றாள் ஜெகதீஸ்வரி திடீரென்று. "ஒருத்தருக்குச் சொன்னால் நாளைக்குப் பத்துப் பேருக்குத் தெரியும். உனக்குக் கலியாணம், காட்சி எண்டு எவ்வளவு கிடக்கு."

"காட்டமாட்டன். நான் போன் பாத்துக்கொண்டு நிண்டனான் எண்டு சொல்லப்போறன்."

"பாத்தனியோ?"

"இல்லை."

"அப்ப ஏன் அப்பிடிச் சொல்றாய்?"

"கவலையீனம் எண்டால் திருத்தலாம் எண்டு நினைப்பினம் அம்மா. இது இப்பிடித்தான் இருக்கும் எண்டு சொன்னால், ஆர் என்னை நம்பிப் பிள்ளையளை விடுவினம்?"

எதிர்மேடை ரயில் வரும் சத்தம் கேட்டது. ஜெகதீஸ்வரி படியேறி மறுபக்கம் ஓடினாள். அம்மா ஓடி யதுசா வெகுகாலமாகப் பார்த்ததில்லை.

சென்-லோறோனில் இருந்தது அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலை. ஜெகதீஸ்வரி ஒரு பஸ் தரிப்பிடம் தள்ளி இறங்கிவிட்டாள். பங்குனி மாதக் கடைசி. உருகிய பனி சேறாகிக் கிடந்தது. லொறிகள் அதை வாரி அடித்துக்கொண்டு போயின. முழங்கால்வரை நனைந்துதான் வாசலுக்கு வந்து சேர்ந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் கணவன் வேலை செய்யும் இடத்துக்கு அவள் வந்தது இதுதான் முதல் தடவை.

முன்மேசைப் பெண்ணிடம், "ரவி. மோன் மாரி," என்றாள். என் கணவர் என்று சொல்ல அவளிடம் இருந்த பிரெஞ்சு அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது.

இரவிச்சந்திரன் காதடைப்பான்கள் கழுத்தில் தொங்க வெளியே வந்தார். மனைவியைக் கண்டதும் முகம் மாறியது.

"யதுவுக்கு என்ன?"

"அவளுக்கு ஒண்டுமில்லை. வெளியிலை வாங்கோ."

வாகனத் தரிப்பிடத்தின் ஓரம். சாப்பாட்டு இடைவேளை. இரண்டு பேர் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பதால் ஜெகதீஸ்வரி குரலைத் தணிக்கவில்லை.

"நீங்கள் இண்டைக்கு லீவு கேட்டனீங்களோ?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "கேக்கேல்லை."

"அண்டைக்கு டொக்டர் சொன்னதிலை எதை எனக்குச் சொல்லாமல் விட்டனீங்கள்?"

எந்த அண்டைக்கு என்று அவர் கேட்கவில்லை.

"அவர் சொல்லிக்கொண்டு போனார். நான் உனக்குச் சொல்லிக்கொண்டு வந்தன்," என்றார். "பேந்து மூளை எண்ட சொல்லு வந்தது. படிப்பு, ஞாபகம் எல்லாம் பாதிக்கலாம் எண்டார். நிச்சயமில்லை, வரலாம் எண்டுதான் சொன்னவர். நான் உன்னைப் பாத்தன். நீ ரெண்டு நாளாய்ச் சாப்பிடேல்லை ஈசு. அவளின்ரை சட்டையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனீ. ஒரு வசனம்தானே எண்டு விட்டிட்டன்."

"சொல்லியிருந்தாலும் நான் கையெழுத்து வைச்சிருப்பன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லேல்லையோ?"

"அவள் பிழைச்சால் காணும் எண்டு நினைச்சன். பிழைச்ச பிறகு சொல்லலாம் எண்டு நினைச்சன். பிழைச்சாப் பிறகு, ஒண்டும் வராதாக்கும் எண்டு இருந்திட்டன்."

"வந்தது தெரியேல்லையோ உங்களுக்கு?"

அவர் காதடைப்பானைக் கழுத்திலிருந்து கழற்றினார்.

"அவளுக்கு ஒன்பது வயசு," என்றாள் ஜெகதீஸ்வரி. "ஏழாம் வாய்பாடு. பள்ளிக்கூடத்தாலை வந்து இருட்டும்வரைக்கும் இருத்தி வைச்சனான். ஏழு எட்டு எவ்வளவு எண்டு கேக்கக் கேக்க முழிச்சாள். கோடு போடுற அடிமட்டத்தாலை அடிச்சனான். நீங்கள் அங்கைதான் கதிரையிலை இருந்தனீங்கள். ரீவிச் சத்தத்தைக் கூட்டினனீங்கள்."

"ஓம்."

"ஏன் எண்டு அப்ப எனக்கு விளங்கேல்லை. அடிக்கிற சத்தம் கேக்கக் கூடாதெண்டு கூட்டியிருக்கிறியள்."

"ஓம்," என்றார் மறுபடியும்.

"என்னைக் கொண்டு அவளை அடிப்பிச்சிட்டியளே."

உள்ளே மணி அடித்தது. சிகரெட் பிடித்தவர்கள் போய்விட்டார்கள். இரவிச்சந்திரன் அசையவில்லை. அவர் கை காதடைப்பான் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தது.

"போங்கோ. வேலைக்குப் போங்கோ," என்று திரும்பி நடந்தாள் ஜெகதீஸ்வரி.

"ஈசு, பஸ் மற்றப் பக்கத்திலை," என்று பின்னாலிருந்து அவர் கூப்பிட்டார்.

அவள் திரும்பிப் பார்க்காமலே தெருவைக் கடந்து மற்றப் பக்கம் போனாள்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம். பற்றிக்கின் அறைக்கு வெளியே ஷபானா நின்றுகொண்டிருந்தாள். சென்னையிலிருந்து வந்து நாலு வருடம். வேலை அனுமதிப் பத்திரம் வரும் ஆனியில் முடிகிறது. அதைப் புதுப்பிக்க இந்த வேலை வேண்டும்.

"யதுசா, நீ உள்ள ஒண்ணும் பேசாத. நான் பாத்துக்கிறேன்," என்று காதருகே சொன்னாள்.

"என்னத்தைப் பாக்கப்போறீங்கள் அக்கா?"

கதவு திறந்தது.

பற்றிக் நாற்பது வயதுக்காரர். சத்தம் போடாதவர். அவர் சத்தம் போட்டிருந்தால் யதுசாவுக்கு இலகுவாக இருந்திருக்கும். இரண்டு பேரையும் உட்காரச் சொல்லி ஒரு தாளை எடுத்தார்.

"ஷபானா நடந்ததை எழுதித் தந்திருக்கிறார். கடைசியாக எண்ணியது தான்தான் என்கிறார். தவறு தன்னுடையது, யதுசாவுக்குச் சம்பந்தமில்லை என்கிறார். அப்படியென்றால் எச்சரிக்கைக் கடிதம் ஷபானாவின் கோப்புக்குப் போகும். யதுசா, நீ சொல்ல ஏதாவது இருக்கிறதா?"

போன் பார்த்துக்கொண்டு நின்றேன் என்ற வசனத்தை யதுசா மெற்றோவில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். இப்போது அது தேவையே இல்லை. பேசாமல் இருந்தால் போதும். ஷபானா அக்கா மடியில் கைகளை இறுக்கிக் கோத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணியது நான்," என்றாள் யதுசா.

"யதுசா..." என்றாள் ஷபானா.

"ஐந்துவரை எண்ணினேன். அப்போது ஷபானா நேரம் கேட்டார். பதினொன்று இருபது என்று சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது எந்தக் குழந்தையில் நிறுத்தினேன் என்று தெரியவில்லை. சிவப்புத் தொப்பி போட்டவளை இரண்டு தரம் எண்ணியிருக்கிறேன். முதலிலிருந்து எண்ணியிருக்க வேண்டும். நான் எப்போதும் மெதுவாக இருக்கிறேன் என்று எல்லோரும் சொல்வார்கள் என்று பயந்து எண்ணாமல் விட்டேன்."

பையைத் திறந்து கடிதத்தை எடுத்தாள். கை மேசைக்கு மேல் ஒரு கணம் நின்றது. வைத்துவிட்டாள்.

பற்றிக் இரண்டு தடவை வாசித்தார்.

"உனக்கு இது எப்போது தெரியும்?"

"இன்றைக்குக் காலையில்."

"காலையில்?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். நாலு வயது. அவனை உன்னோடு பூங்காவுக்கு அனுப்புவேனா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு மறைக்க விரும்பவில்லை."

"அனுப்புவீர்களா?"

"தெரியவில்லை."

யதுசா தலையாட்டினாள். அந்தப் பதில் வலித்தாலும் அதில் பூச்சு இல்லை.

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு ஒரு தாளில் எழுதத் தொடங்கினார். ஒரு மாதம் யதுசா வெளியே போக வேண்டாம், உள்ளேயே வேலை. இனி யார் வெளியே கூட்டிப் போனாலும் பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு பெயராகக் கோடு போட வேண்டும், இரண்டு பேரும் தனித்தனியே எண்ண வேண்டும், எண்ணும்போது யாரும் பேசக்கூடாது. "இது உனக்காக மட்டும் இல்லை. இதை நான் முன்பே செய்திருக்க வேண்டும். மாதம் முடிந்ததும் பார்ப்போம். வேலை உறுதி என்று நான் சொல்லவில்லை."

"சரி."

"லியோவின் அம்மாவுக்குக் காரணம் எழுத வேண்டும். உன் உடல்நிலையை எழுதலாமா? நீ மறுக்கலாம்."

யதுசா யோசித்தாள். "எழுத வேண்டாம். நானே அவரிடம் சொல்கிறேன். அவர் சம்மதித்தால்."

வெளியே வந்ததும் ஷபானா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"லூசாடி நீ? நான்தான் பாத்துக்கிறேன்னு சொன்னேன்ல?"

"உங்கடை வேலைப் பேமிற் என்ன ஆகிறது அக்கா?"

"நான்தானே உன்கிட்ட டைம் கேட்டேன்? அஞ்சு நாளா தூக்கம் இல்ல எனக்கு," என்றாள் ஷபானா. அடுத்த நிமிடம் இருவருமே அழுதுகொண்டிருந்தார்கள். உள்ளே மத்தியான உறக்கத்திலிருந்து குழந்தைகள் எழும்பும் சத்தம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

ஐந்தரை மணிக்கு யதுசா வீட்டுக்கு வந்தபோது குசினியில் அம்மா கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். மூன்று பேருக்கு அது மிக அதிகம். நனைந்த கால்சட்டையைக்கூட மாற்றியிருக்கவில்லை.

"என்ன நடந்தது?"

"கடிதத்தைக் காட்டினனான் அம்மா."

ஏச்சு வரும் என்று யதுசா காத்திருந்தாள். கத்தி நின்றது. பிறகு மறுபடி வெட்டத் தொடங்கியது.

"வேலை?"

"ஒரு மாசம் பாப்பினமாம். இருக்கும் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை."

அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. ஜெகதீஸ்வரி திரும்பாமலே கேட்டாள்.

"ஏழாம் வாய்பாடு பாடமாக்கின நாள் உனக்கு ஞாபகம் இருக்கோ பிள்ளை?"

இல்லை என்று சொல்லிவிடலாம். ஞாபகமறதி இருக்கிறதென்று கடிதமே இருக்கிறது.

"இருக்கு."

"எவ்வளவு?"

"எல்லாம். பழசுகள் எனக்கு மறக்காது அம்மா. அடிமட்டம் உடைஞ்சது. நீங்கள் பேந்து இஞ்சை வந்து, தண்ணிப் பைப்பைத் திறந்துவிட்டிட்டு அழுதனீங்கள்."

ஜெகதீஸ்வரி கத்தியை வைத்தாள். அது மகளுக்குத் தெரியும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

"எனக்கு அடிச்சதுகூடப் பெரிசில்லை," என்றாள் யதுசா. "நான் பஞ்சிப்பட்டவள் எண்டு நானும் நம்பிக்கொண்டிருந்தனான். எல்லாரையும்போல எனக்கும் ஏலும், நான்தான் செய்யிறேல்லை எண்டு. பதினொரு வருசம்."

"நான் பிழை விட்டிட்டன் பிள்ளை."

அம்மா வாயிலிருந்து அப்படி ஒரு வசனம் யதுசா கேட்டதில்லை. எந்தப் பெரியவர் வாயிலிருந்தும் கேட்டதில்லை. பரவாயில்லை என்று சொல்ல வாய் உன்னியது. ஆனால் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"இண்டைக்கு எனக்கு இதுக்கு மறுமொழி சொல்லத் தெரியேல்லை அம்மா. பேந்து சொல்றன்."

"சரி. ஆறுதலாய்ச் சொல்லு."

கைபோன் அதிர்ந்தது. பற்றிக்கின் செய்தி. லியோவின் அம்மா நாளைக்குக் காலை ஏழரைக்கு, மகனைக் கொண்டுவந்து விடும்போது சந்திக்கச் சம்மதித்திருக்கிறார். கோபமாக இருக்கிறார். விருப்பமில்லையென்றால் வர வேண்டாம்.

யதுசா வாசித்துச் சொன்னாள்.

"போகப்போறியோ?"

"ஓம்."

"நானும் வாறன்."

"வாங்கோ. ஆனா நீங்கள் ஒண்டும் கதைக்கக் கூடாது."

"நான் என்னத்தைக் கதைக்க? எனக்குப் பிரெஞ்சே தெரியாது."

வாசற்கதவு திறந்தது. இரவிச்சந்திரன் உள்ளே வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் அப்படியே நின்றார். கடைசி வசனங்கள் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"நாளைக்கு நானும் வரட்டே? பிரெஞ்சிலை ஏதும் தேவையெண்டால்..."

"எங்களுக்கு மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை," என்றாள் ஜெகதீஸ்வரி.

அவர் அதை வாங்கிக்கொண்டார். குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். ஒன்றை அவிழ்த்தவர் மற்றதை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஈசு, இன்னும் ஒண்டு இருக்கு. நீங்கள் கண்டுபிடிக்க முந்தி நானே சொல்லோணும்."

இருவரும் திரும்பினார்கள்.

"இதே சோதினைக்கு முந்தியும் ஒருக்கா கூப்பிட்டவை. பள்ளிக்கூடத்திலை உதவி ஒழுங்குசெய்து தரலாம் எண்டு சொன்னவை. நான்தான் வேண்டாமெண்டு கையெழுத்து வைச்சனான்."

"எப்ப?" என்றாள் ஜெகதீஸ்வரி.

அவர் மகளைப் பார்த்தார்.

"யதுவுக்கு எட்டு வயசு."

அடுப்பில் எண்ணெய் புகைந்தது. எட்டு வயது என்றால் அடிமட்டம் உடைவதற்கு ஒரு வருடம் முன்பு. மூன்று பேருக்கும் கணக்கு ஒரே நேரத்தில் விளங்கியது.

யதுசாதான் போய் அடுப்பை நிறுத்தினாள். மேசையடியிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து அப்பாவுக்கு முன்னால் போட்டாள்.

"இருங்கோ அப்பா," என்றாள். "ஏன் எண்டு சொல்லுங்கோ. இந்த முறை ஒண்டையும் விடாமல்."